அலாய் சக்கரம்: துளை பொருந்தினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காருக்கு அலாய் (அலுமினியக் கலப்பு உலோக) சக்கரங்களையும் புதிய டயர்களையும் வாங்கி வீட்டு வாசலிலேயே தாமாக மாட்டிக்கொள்வோர், போல்ட் துளைகள் பொருந்திவிட்டாலே சக்கரமும் பொருந்திவிட்டதாக எண்ணுவது சரியன்று. சக்கரத்தின் நடுத்துளை, அது மாட்டப்படும் அச்சு முனையான ஹப்பைவிடப் பெரிதாக இருந்து, இடைவெளியை நிரப்பும் வளையத்தைப் போடாமல் மாட்டினால், சக்கரம் மையம் விலகி, வேகமெடுத்ததும் ஸ்டியரிங் அதிரக்கூடும். இரும்புச் சக்கரத்தின் பழைய நட்டுகள் அலாயில் சரியாக அமராமலும் போகலாம். விற்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வதில்லை.

185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்) டயருக்குப் பதிலாக 195/55 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. என மாறாமல் இருக்கும். தோற்றத்துக்காக 195/65 ஆர்16 போட்டாலோ அது 660 மி.மீ. ஆகி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், டயர் மட்கார்டிலும் உரசக்கூடும்.

நட்டுகளை எதிரெதிர் வரிசையில், காரின் கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்கி, 100 கி.மீ. ஓடுவதற்குள் மீண்டும் சரிபார்க்க வேண்டும். டயரை ரிம்மில் ஏற்றுவதும், சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் பேலன்சிங்கும் எந்திர வேலை. அவற்றைக் கடையில் விடுவதே நல்லது.

நடுத்துளை அளவையும் நட்டு வகையையும் சக்கரப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடுமாறு விற்பனையாளர்களை இதன்வழி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை