கறுப்பு பிளேட்டு

காசிமேடு,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டைப் பிரித்ததும் முதலில் பட்டது எதிர்வீட்டு மாடியில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய். இத்தனை நாள் நான் நீலம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் எவனோ மஞ்சளைக் கலந்து வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கடைசி ரெண்டு மூணு வருஷம் பிரஸ்ஸில் கலர் புரூஃபுக்கு, அச்சேறுமுன் நிறம் பார்க்கிற அந்தத் தாளுக்கு, கையெழுத்துப் போட்டேன். முதலாளி பாவம்.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். நாலு வயசுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டுவிட்டு, "எழுத்து நிறைய இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, காசு வீணாகக் கூடாது" என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். முப்பது வருஷம் ஆண்டர்சன் தெருவுக்கும் பிரஸ்ஸுக்கும் பேப்பர் ரீம் சுமந்தவன் பேசுகிற பேச்சாடா இது?

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனேன். இப்போது தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நந்தனத்திலேயே இறங்கலாம். அந்தச் சொகுசிலேயே ரெண்டு தடவை போய்விட்டேன். தூலிகா, தாரா ரெண்டும் நம்ம ஊர்ப் பதிப்பகங்கள், தொண்ணூறுகளில் ஆரம்பித்தவை. தாராவில் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் சில்க் ஸ்கிரீனில் அடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. தடவிப் பார்த்தால் மை விரலில் தட்டும். நீயாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து நிறத்தின் மேல் நிறம் பிசகாமல் ரெஜிஸ்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்திருப்பாய். விலையைக் கேட்டுவிட்டு மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். குறைந்த விலையில் பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் என்று ஒரு பை நிறைய வாங்கினேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை வந்ததிலிருந்து எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஆண்கள் இருக்கிறார்கள். அறுபத்தொரு நாள். பிள்ளைகளுக்கும் லீவு. வீட்டுக்குள் சத்தம் தாங்காமல் ஏழெட்டுப் பேர் என் முன்னறைக்கு வந்துவிடுகிறார்கள். நான் படிக்கிறேன், அவர்கள் கேட்கிறார்கள் என்றுதான் ஆரம்பித்தது. இப்போது யார் யாருக்குப் படிக்கிறோம் என்றே தெரியவில்லை.

போன வாரம் ஒரு மீனவர் கதை எடுத்தேன். "அப்பா படகில் ஏறிக் கடலுக்குச் சென்றார்" என்று ஒரு வரி. படம் ரெண்டு பக்கத்துக்கும் விரிந்திருந்தது. பக்கத்தைத் திருப்பப் போனேன். ஒரு பொடியன் கையை வைத்து அமுக்கிவிட்டான்.

"தாத்தா, இதுல எஞ்சினே இல்ல. எப்டி போனாரு?"

பார்த்தேன். உண்மைதான். துடுப்பு ஒன்று, குட்டியாக ஒரு பாய்மரம், ஏரியில் உல்லாசமாகச் சுற்றுகிற படகு. வலை என்று போட்டிருந்தது கொசுவலை மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த சின்னவள், இன்னும் எழுத்துகூடத் தெரியாது, கூடையில் கிடந்த மீனை உற்றுப் பார்த்துவிட்டு, "இது சங்கராவா? சங்கரான்னா முதுகுல முள்ளு நிக்குமே" என்றாள். புத்தகத்தில் வெறும் 'மீன்' என்றுதான் போட்டிருந்தது. வஞ்சிரம், வவ்வா, நெத்திலி, கானாங்கெளுத்தி என்று பேர் வைத்துக் கூப்பிடுகிற வீட்டுப் பிள்ளையிடம் போய் 'மீன்' என்றால் என்ன செய்யும்? அது மரத்தைக் காட்டி 'செடி' என்பது மாதிரி.

அன்றைக்கு ராத்திரி நம்ம பழைய வேலை ஒன்று ஞாபகம் வந்தது. நாலு மொழியில் ஒரே குழந்தைப் புத்தகம் அடித்தோமே, அது. நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடு, நம்ம பாஷையில் பிளேட்டு. நீலச் சயான், சிவப்பு மெஜந்தா, மஞ்சள் மூன்றும் எல்லா மொழிக்கும் பொது. படத்துக் கறுப்பு ஒரு பிளேட்டு, எழுத்துக் கறுப்பு தனிப் பிளேட்டு. தமிழ் ஓடி முடிந்ததும் அதை மட்டும் கழற்றிவிட்டுத் தெலுங்கை ஏற்றுவோம். எழுத்தைக் கறுப்பிலேயே வைக்கச் சொல்வதும், படத்துக்கு நடுவே வெள்ளை எழுத்து வேண்டாம் என்பதும் அதற்குத்தான். செலவு மிச்சம், புத்தகமும் மலிவு. தப்பு சொல்லவில்லை. ஆனால் அப்போது எனக்கு ஒன்று தோன்றவே இல்லை. ஊருக்கு ஊர் நாம் மாற்றியது, படிக்கத் தெரியாத பிள்ளை பார்க்கவே பார்க்காத அந்த ஒரு பிளேட்டை மட்டும்தான்.

நீ உடனே சோவியத் புத்தகங்களை இழுப்பாய், தெரியும். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கினோம், நியூ செஞ்சுரி புத்தகக்காரர்களிடம் புதுசாகவும் வாங்கினோம். ராயபுரம் வெயிலில் உட்கார்ந்து பனியையும் கரடித்தோல் தொப்பியையும் பார்த்தோமே, என்ன குறைந்துபோயிற்று? ஒன்றும் குறையவில்லை. சமோவார் என்பது குக்கரா, குத்துவிளக்கா என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். ஆனால் அதை வரைந்தவன் பனியில் நடந்தவன்டா. சமோவாரில், அந்த ரஷ்ய வெந்நீர்ப் பாத்திரத்தில், தண்ணீர் பிடித்து டீ குடித்தவன். அந்தக் குழாயின் திருகு எந்தப் பக்கம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் நமக்கும் இன்றுவரை மறக்கவில்லை. நம்ம கடலை வரைகிறவர் ஒரே ஒரு விடியற்காலை காசிமேட்டு மீன் ஏலத்துக்கு வந்துவிட்டுப் போகலாம் என்றுதான் சொல்கிறேன். எஞ்சின் சத்தத்திலேயே பாதிப் படம் கிடைத்துவிடும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு பேச்சு. 'படகு' என்று நான் படித்தால் பின்னாலேயே "போட்டு" என்று ஒரு குரல் வரும். 'சென்றார்' என்றால் "போனாரு". முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால் இந்தப் பொடிசுகள் வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டு வருகின்றன! அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கத்துக்காகக் கொடுக்கிற மெல்லிசான புத்தகங்களில் இந்தத் தொல்லை குறைவு. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி வைத்திருக்கிறார்கள். பேரே அழகு.

எஞ்சின் இல்லாத போட்டை அந்தப் பொடியன் விடுவதாக இல்லை. பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகை வேஸ்ட்டை எடுத்து, ஒரு பெரிய தாளை மூன்று தடவை மடித்து, பதினாறு பக்கம் எப்படி வருகிறது என்று காட்டினேன். பிரித்தால் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறு, ரெண்டுக்குப் பக்கத்தில் பதினைந்து, எதைக் கூட்டினாலும் பதினேழு. அரை மணி நேரம் அதையே கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வரைய உட்கார்ந்தார்கள். ஃபைபர் போட்டு, பின்னால் வால் மாதிரி நீட்டு எஞ்சின், ஐஸ் பெட்டி, டீசல் கேன், கேன் மேல் ஒரு காக்கா. வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த பொடியனின் அப்பா எட்டிப் பார்த்து, "காக்கா கரையிலதான்டா இருக்கும்" என்றார். காக்காவை அழிக்க மனசு வராமல் போட்டைக் கரைக்கு இழுத்துவிட்டான், சுற்றிலும் மணல் போட்டு.

அதில் ஒரு பிரதி உன் பேத்திக்கு இத்துடன் அனுப்புகிறேன். கலர் ஜெராக்ஸ்தான், நீலம் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கிறது, அல்லது என் புதுக் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. 'படகு' என்று போடலாம் என்கிறாள் மருமகள், 'போட்டு' என்கிறது கூட்டம். கறுப்பு பிளேட்டு இன்னும் ஏற்றாமல் நிற்கிறது. தென்காசியில் கடல் ஏது, உன் பேத்தி இதை என்னவென்று சொல்கிறாள் பார்ப்போம். அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு, உன் கைவரிசையைக் காட்டித் திருத்தாதே. இங்கே வாசித்துக் காட்ட வேண்டும், ஆவலாக இருக்கிறார்கள்.

நடுவில் ஸ்டேப்ளர் பின் நானே அடித்தேன், கை முன்னைப்போல நிதானமில்லை. முனை நீட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிட்டுப் பிள்ளையிடம் கொடு.

அன்புடன்,
ஏழுமலை