தரவுக் களஞ்சியத்தில் கிடைத்த வைரஸ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய வைரஸ் என்றாலே நுண்ணோக்கிதான் நம் நினைவுக்கு வருகிறது. கணினி உயிரியலாளர் ஆர்ட்டெம் பாபாயனின் வழி வேறு. பிறர் வேறு ஆய்வுகளுக்காகச் சேகரித்துப் பொதுக் களஞ்சியத்தில் இட்டுவைத்த மரபணு வரிசைகளை, ராபர்ட் எட்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து உருவாக்கிய ‘செராட்டஸ்’ திட்டத்தின் மூலம் அவர் சலித்தெடுத்தார். ஆர்என்ஏ என்ற மூலக்கூறை மரபுப்பொருளாகக் கொண்ட ஆர்என்ஏ வைரஸ்கள் தம்மை நகலெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதியில், ‘உள்ளங்கை’ எனப்படும் மையப்பகுதி வைரஸுக்கு வைரஸ் அவ்வளவாக மாறுவதில்லை. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு சுமார் 57 லட்சம் மாதிரிகளின் தரவில் தேடியபோது, அதுவரை அறியப்படாத 1,30,000-க்கும் மேற்பட்ட ஆர்என்ஏ வைரஸ்கள் வெளிப்பட்டன. முன்பு அறிந்தவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. முடிவுகள் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின.

வரிசையை மட்டும் வைத்து, ஒரு வைரஸ் எந்த உயிரைத் தொற்றும், நோய் தருமா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு ஆய்வகமே வேண்டும். ஆயினும், புதிதாக ஒரு மாதிரிகூட எடுக்காமல் இவ்வளவு கிடைத்ததற்குக் காரணம், முகம் தெரியாத ஆய்வாளர்கள் பலர் தம் தரவைப் பூட்டிவைக்காமல் பொதுவில் வைத்ததுதான். இத்தகைய கண்டுபிடிப்புகளை எழுதும்போது அவர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்