வள்ளிக்கு: விசேஷம் இல்லாத நாளில் வா

அன்புள்ள வள்ளி,

நேற்று ராத்திரி நம்ம குரூப்பில் கடற்கரைப் பேச்சு ஓடியதே, அதற்கு அங்கேயே பதில் போட்டிருக்கலாம். கோவாவா வற்கலையா என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சொல்வது யார் காதிலும் ஏறியிருக்காது. அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

"வைகாசியில் கல்யாணத்துக்கு எப்படியும் காரைக்குடி வரணும், அந்த லீவிலேயே கடலுக்கும் போய்க்கலாம்" என்றாய். அது நடக்காது வள்ளி. உங்கள் அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தபோதும் இதையேதான் சொன்னாய். விடிகாலை ரயிலை விட்டு இறங்கியவள் முகப்பில் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. பந்தி, பலகாரம், வந்தவர்களை வழியனுப்புவது என்று ஓடிக்கொண்டே இருந்தாய். எல்லாரும் போன பிறகு பார்க்கிறேன், ரெண்டாங்கட்டில் குத்தவைத்து, கழுவிக் கவிழ்த்த ஏனங்களைப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாய். ஒரு தூக்குச்சட்டி குறைகிறது என்று ஆச்சி மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள். வீங்கின காலோடு ரயிலேறினாய். உன் ஆபீஸ் கணக்கில் அது விடுமுறை.

விசேஷத்துக்கு வருவதை நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டு வேலையை நாம் செய்யாமல் யார் செய்வது? ஆனால் அதற்கு ஒரு லீவு, கடலுக்கு ஒரு லீவு என்று தனித்தனியாகப் போடு.

நம் ஐயாமார் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள். வீட்டு வளவுத் தூணெல்லாம் கடல் கடந்து வந்த தேக்கு. வீட்டில் இருந்த பெண்களுக்கு அந்தக் கடல் எந்த அளவுக்குக் கிடைத்தது? என் அப்பத்தா கடலைப் பார்த்ததே ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் ஆடத்தான். அதுவும் ஒரு காரியத்துக்காகப் போனது. முழுக்குப் போட்டு, ஈரச்சேலையோடு அடுத்த தீர்த்தத்துக்கு நடந்துவிட்டார்கள். சும்மா உட்கார்ந்து பார்க்கவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

கோவாவுக்குப் போக வேண்டுமென்றால் போவோம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே பாக் விரிகுடா இருக்கிறது. தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி. வாடைக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். அது அடங்கிவிட்டால் ஊருணித் தண்ணீர் மாதிரி கிடக்கும். வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் அளவுதான். கரையில் சேறும், ஒதுங்கிய கடற்புல்லும் இருக்கும், போட்டோவுக்கு அழகாக இருக்காது. அந்தப் புல்லைத்தான் கடற்பசு மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அதற்கான காப்பகமாகவே அறிவித்தார்கள். கொஞ்சம் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அங்கே போனால் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

அலைதான் வேண்டும் என்றால் தனுஷ்கோடி. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்பார்கள். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ரோடு இருக்கிறது. அங்கே குளிக்க முடியாது, பார்க்கலாம்.

மாசியில் வா. ஏப்ரல் 15 பிறந்தால் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நல்ல நண்டும் இறாலும் கிடைப்பது கஷ்டம். வெயிலும் ஏறிவிடும். வெள்ளி, திங்கள் லீவு போட்டால் போதும். வீட்டில் கேட்டால் விசேஷம் ஒன்றும் இல்லை, கடல் பார்க்கப் போகிறேன் என்றே சொல். ஆச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன், முடிந்தால் அவர்களையும் கூட்டிப்போவோம். வண்டிக்குச் சொல்ல வேண்டும், தேதியை மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மீனா
காரைக்குடி