அயுத இளவரசியும் ஒரு கொரிய பிக்குவும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

கொரியாவுக்கு மருமகளாக வந்தவள் தமிழச்சிதானா என்று லேபில் கேட்கிறார்கள் என்றாயே. கி.பி. 48-இல் கப்பலில் வந்து, கொரியாவின் காயா நாட்டு மன்னர் சூரோவை மணந்த ஹோ ஹ்வாங்ஓக் கதை 'சம்குக் யூசா' என்ற பழைய கொரிய நூலில் இருக்கிறது. அதில் அவளுடைய நாடு 'அயுத' என்றுதான் வருகிறது. அயோத்தி என்பாரும் உண்டு, நம் ஆய் நாடு என்பாரும் உண்டு. வாட்ஸ்அப்பை நம்பி அடித்துப் பேசாதே.

எனக்கு அவளைவிட, அந்தக் கதையை எழுதிவைத்த பிக்கு இர்யோனைத்தான் பிடித்துப்போயிற்று. 1206-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே மடத்துக்குப் போய், 1227-இல் அப்போது கொரியாவை ஆண்ட கோர்யோ அரசு துறவிகளுக்கு நடத்திய தேர்வில் உயர்ந்த தரத்தில் தேறினார். அப்புறம் மங்கோலியர் படையெடுப்பு. ஹ்வாங்யோங்சா மடத்தின் ஒன்பது நிலைக் கோபுரத்தை 1238-இல் கொளுத்திவிட்டார்கள். பழையதெல்லாம் கண்ணெதிரே அழிந்த காலம் அது. 1145-இல் கிம் பூசிக் அரசாணைப்படி எழுதிய வரலாறு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதில் கரடி பெண்ணாகி, கொரியாவின் முதல் மன்னர் என்று சொல்லப்படும் தங்குனைப் பெற்ற கதைக்கெல்லாம் இடமில்லை. அப்படி விடுபட்டதை எல்லாம் இர்யோன் தேடி, சம்குக் யூசாவில் சேர்த்தார். சில்லா என்ற பழைய கொரிய அரசின் காலத்து 'ஹ்யாங்கா' என்னும் கொரிய மொழிப் பாடல்கள் 14 இன்று கையில் இருப்பது இந்த நூலால்தான்.

1283-இல் மன்னர் சுங்னியோல் அவரை அரசகுரு ஆக்கினார். அவரோ வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விடை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு அம்மா 96 வயதில் இறந்தார். அப்பா சுற்றி வளைத்து ஊருக்குக் கூப்பிடுகிறார் என்று நினைக்காதே! பாட்டியைப் பார்க்க நானும் அம்மாவும் இருக்கிறோம், நீ ஆய்வை முடி.

சொல்ல வந்தது வேறு. இர்யோன் இறந்தபின் இன்காக்சா மடத்தில் 1295-இல் கல்வெட்டு வைத்தார்கள். அவர் எழுதிய நூல்களின் பட்டியல் அதில் இருக்கிறது. சம்குக் யூசா மட்டும் இல்லை! பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இன்று கிடைக்கவுமில்லை. கட்டுரையில் உன் பெயர் விடுபட்டதென்று அழுதாயே, இதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

இன்காக்சா இருக்கும் குன்வி 2023-இல் உங்கள் டேகு நகரத்தோடு சேர்ந்துவிட்டது. லீவில் போய்வா. கல்வெட்டு உடைந்து, எழுத்துத் தேய்ந்துதான் கிடக்கிறதாம். இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்பு. 96 வயது அம்மா கதையைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்ப எனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு" என்கிறாள்.

அன்புடன்,
அப்பா