சுவத்துல தொங்குறதுக்கா படிச்சேன்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு பாம்பன் பக்கம் ஒரு கடலோர ஊரு. பிளஸ் டூ முடிச்சுட்டு ஒரு மெடிக்கல் ஷாப்ல மூணு வருசம் நின்னேன், மாத்திரை எடுத்துக் குடுக்குறது, பில் போடுறது, ரேக்கு தொடைக்கிறதுன்னு எல்லாம் நாந்தான். டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துச் சீட்டுக்கு, பதிவு பண்ண பார்மசிஸ்ட்தான் மருந்து குடுக்கணும்னு 1948 பார்மசி சட்டம் 42-வது பிரிவுல இருக்குன்னு டி.பார்ம்ங்கிற பார்மசி டிப்ளமோ சேந்த பொறகுதான் எனக்கே தெரியும்.

ரெண்டு வருசப் படிப்பு, அதுக்கு மேல 500 மணி நேரம் ட்ரெய்னிங், எல்லாம் முடிச்சு தமிழ்நாடு பார்மசி கவுன்சில்ல பதிஞ்சு நம்பர் வாங்குறதுக்குள்ள அம்மா தோடு அடகுக்குப் போயிருச்சு. சரி நம்பர்தான் வந்துருச்சேன்னு வேலை கேட்டுப் போனா கடைக்கார அண்ணன் சொல்றாக, "நீ எதுக்கு தாயி தெனமும் பஸ் ஏறி அலையுற, சர்ட்டிபிகேட்ட மட்டும் குடு, மாசாமாசம் அக்கவுண்ட்ல காசு விழுந்துரும்". சுவத்துல நான் தொங்கணுமாம், கவுண்டர்ல நேத்து சேந்த பையன் நிப்பானாம். வீட்லயும் சும்மா வர்ற காசுதானங்குறாக.

முடியாதுன்னுட்டேன். அந்தப் பையன் எடத்துல நானே நின்னவதானே. பாசி எடுக்கப் போற அக்காமாருக கடல்ல முங்கி முங்கி மண்டையிடியோட வருவாக, "வலி மாத்திரை ரெண்டு மட்டும் குடு தங்கச்சி"ம்பாக, அட்டையில ரெண்ட கத்தரிக்கோலால நறுக்கிக் குடுப்பேன், எக்ஸ்பைரி தேதி உள்ள துண்டு கடையிலயே நின்னுரும், அவுக கையில மாத்திரை பேரு கூட பாதிதான் இருக்கும். வயித்துப்புண் இருக்கா, பிரஷருக்கு ஏதும் சாப்பிடுறியளான்னு ஒரு நாளும் கேட்டதில்ல, கேக்கணும்னு தெரிஞ்சாத்தானே. இன்சுலினெல்லாம் 2 டிகிரியிலருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ராத்திரி பூரா கரண்ட் இல்லாட்டி எங்க கவலையெல்லாம் அதே பிரிட்ஜ்ல இருக்குற கூல்டிரிங்ஸ் சூடாயிருமேன்னுதான் (இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு).

நான் இன்னும் வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், அது வேற கதை. மருந்து ஆய்வாளர் ஐயாமாருகட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கடைக்கு வந்தா பில் புக்க பாக்குறதோட தொங்குற சர்ட்டிபிகேட் யாரோடது, கவுண்டர்ல நிக்கிறது யாருன்னும் சேத்துப் பாருங்க. அதுவும் பகல்ல வேணாம், ராத்திரி ஏழு மணிக்கு மேல வாங்க, கூட்டம் அப்பத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்