ட்ரிப்பர் மேல் பழி போடாதே

கானாடுகாத்தான்
கார்த்திகை 22

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் வந்தது. ஆச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. கோட்டையூர் வீட்டைப் பற்றி நீ எழுதியிருந்த நான்கு வரிகள்தான் என்னைப் பதற வைத்தன. இரவே போன் செய்ததும் அதனால்தான். மெயினை இறக்கச் சொல்லிவிட்டாய் என்பதால் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

மழை தொடங்கியதிலிருந்து அங்கே ட்ரிப்பர், அதாவது மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, விழுந்துகொண்டே இருந்தது. வந்த எலக்ட்ரீஷியன் மீட்டரில் கன்டினியூட்டி பார்த்தார், அதாவது இரண்டு கம்பிக்கும் தொடர்பு இருந்தால் மணி அடிக்கும் சோதனை. மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் பூமிக்குப் போகும் எர்த்துக்கும் இடையே சத்தம் வரவில்லை. "லைன் சரி, ட்ரிப்பர்தான் பழுது" என்று அதைத் தாண்டி வயரை நேராகக் கட்டிவிட்டார். இதுதானே நடந்தது? அவர் கெட்டவர் இல்லை. மீட்டர் சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

நீ சிவில் படித்தவன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றைத்தான்: ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? 30 மில்லிஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் விழ வேண்டும். அதைப் போல 200 மடங்கு ஓடினாலும் லைனுக்கு லைன் இருக்கும் 6 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அசையாது, ஏனென்றால் அது மிகை மின்னோட்டத்திலிருந்து வயரைக் காக்க வந்தது. ஆளைக் காப்பது ஆர்சிசிபிதான். இப்போது 230 வோல்டை 0.03 ஆம்பியரால் வகுத்துப் பார். ஏறக்குறைய 7,700 ஓம். ஈரத்தில் ஊறிய ஓரிடத்தில் அந்த அளவு தடை இருந்தாலே ட்ரிப்பர் விழும். ஆனால் கையடக்க மீட்டரின் மணி சில பத்து ஓம்களுக்குக் கீழே போனால்தான் கத்தும். 7,000 ஓம் கசிவு அதன் காதில் விழவே விழாது. பேட்டரியின் சில வோல்ட்டை வைத்துக்கொண்டு, 230 வோல்ட்டில் எது கசியும் என்று அதனால் சொல்லவும் முடியாது.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மாலை மழை பிடித்தால் விழும். மறுநாள் வெயில் ஏறினால் பத்து முறை தூக்கினாலும் நிற்கும். எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போகும் எம்சிபியை இறக்கியதும் ட்ரிப்பர் விழாமல் நின்றது. அதை மறுபடி ஏற்றினால், ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தது. உதவிக்கு வந்த பையன் அந்த லைனில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மீட்டர் வைத்தான், கீச்சென்று கத்தியது. "ஷார்ட் ஐயா, சுவருக்குள்ளேதான்" என்று உளியை எடுத்துவிட்டான். எந்தச் சுவர் தெரியுமா? முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்குமே, அது. ஒரு கொத்து விழுந்திருந்தால் அதைப் பழையபடி பூச இன்று யாரைத் தேடுவது? அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குளியலறை கீசரின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. 2,000 வாட் கீசரின் கம்பிச்சுருளே வெறும் 26 ஓம்தான். மணி அடிக்காமல் என்ன செய்யும்? கீசரை விலக்கியதும் மீட்டர் வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் மழை விட்ட கையோடு 500 வோல்ட் மெகரை வாங்கி வந்தேன், கைப்பிடியைச் சுற்றி அந்த வோல்ட்டில் கசிவுத் தடையை அளக்கும் கருவி அது. மின்சாரத்தை நிறுத்தி, ட்ரிப்பரிலிருந்து லைனைக் கழற்றி, பல்புகளையும் மின்னணுச் சாமான்களையும் விலக்கிவிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் சுற்றினேன். ஒரு மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டியது. முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. லைனை நடுவில் பிரித்து, பாதி பாதியாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் அகப்பட்டது, வளவு என்னும் உள்முற்றத்துத் தூண் பக்கத்தில் வயர்களை இணைக்கும் இரும்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் ஓட்டு விளிம்பிலிருந்து வயர் வழியாகவே இறங்கிய நீர் ஒரு கரண்டி தேங்கி இருக்கிறது. இணைப்பில் சுற்றிய டேப் பிசின் விட்டு அவிழ்ந்திருந்தது. செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பூத்து, பெட்டியின் ஈர இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தூணில் சாய்ந்துதான் பேத்தி மழை வேடிக்கை பார்ப்பாள். ட்ரிப்பர் ஒவ்வொரு மாலையும் விழுந்து விழுந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்று. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மணி அடித்தது, அதனால் எர்த்தும் கோளாறு என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சோதித்தது ட்ரிப்பரை நேராகக் கட்டிய பிறகு. உங்கள் வீட்டுப் பழைய மெயினில் ஃபியூஸ் ஃபேஸில் மட்டும்தான் இருக்கிறது. இறக்கினாலும் நியூட்ரல் தெரு மின்மாற்றி வரை அப்படியே போகிறது. அங்கே அது பூமியோடு இணைக்கப்பட்டது. உன் எர்த் குழி நல்ல குழியாக இருந்தால் மண் வழியாகவே வளையம் முடிந்து மீட்டர் கத்தும். ட்ரிப்பரைப் பழையபடி மாட்டி இறக்கிவைத்தால் இரண்டு கம்பியும் பிரியும். அதற்கு அப்பால் வீட்டுப் பக்கத்தில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்து மணி அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ட்ரிப்பர் விழுந்தால் முதலில் அந்த நியூட்ரலைத்தான் நான் சந்தேகிப்பேன்.

உன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மறந்துவிடாதே. மெயினை இறக்கினாலும் சில லைன்களில் அது 230 வோல்ட் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதையும் நிறுத்தச் சொல். தொடுவதற்கு முன் டெஸ்டரை, உயிருள்ள பிளக் ஒன்றில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, தொடப்போகும் கம்பியில் வைக்க வேண்டும். முடித்ததும் மறுபடி அந்தப் பிளக்கில். எரியாத டெஸ்டரை நம்பித் தொட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தையில் முன்னோருக்கான படைப்புக்கு எல்லோரும் கூடும்போது வளவு முழுக்க ஈரக் காலோடு பிள்ளைகள் ஓடுவார்கள். அதற்குள் முடித்துவிடலாம். ஆனால் ஈரம் காய்ந்த பிறகு சோதித்தால் ஒன்றும் அகப்படாது. கார்த்திகை மழை இருக்கும்போதே வா. எந்த நாள் பல்லவன் ரயிலில் ஏறுகிறாய் என்று சொல். மெகரோடு காரைக்குடி நிலையத்தில் நிற்கிறேன். அதுவரை அந்த வீட்டில் அரிக்கேன் விளக்கே எரியட்டும்.

ஆச்சிக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்