மகிழ்ச்சி ஞாயிறில் வந்த வெள்ளமும் என்னைத் தாங்கிய கைகளும்: ஒரு நன்றி மடல்

இயேசுவில் அன்பார்ந்த பங்கு மக்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன எல்லாருக்கும்,

தூத்துக்குடியில் தையல் கடை வைத்திருக்கும் உங்கள் சகோதரி எழுதுகிறேன். வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே எனக்குத் தெரியாது. அதனால் இந்த மடல்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றும் நாள். "எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்" என்று பவுலடியார் தெசலோனிக்க நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதியதுதான் அன்றைய இரண்டாம் வாசகம். குடை பிடித்துக்கொண்டுதான் பூசைக்குப் போய் வந்தோம். மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. குளங்கள் உடைந்து, எங்கள் தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். கரண்டும் இல்லை, போனும் இல்லை.

எங்களை மாடியிலிருந்து இறக்கி வள்ளத்தில் ஏற்றியவர்கள் கடற்கரைத் தம்பிமார். கடலில் போகிற வள்ளத்தைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியாத என் மாமியாரை ஒரு தம்பி தோளில் தூக்கிக்கொண்டான். "பயப்படாதிய ஆச்சி, மாதா இருக்கா" என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு முதல் நன்றி. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தைக்கும், ராத்திரி முழுக்கக் கஞ்சி காய்ச்சிய சிஸ்டர்மாருக்கும், அண்டாவில் சோறு கொண்டுவந்து கொடுத்த பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாஅத் சகோதரர்களுக்கும் நன்றி. அரசு கொடுத்த 6,000 ரூபாயும் தக்க நேரத்தில் கைக்கு வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு கடையைத் திறந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் தையல்தான் எங்களுக்கு வருஷத்துக்கே வருமானம். தைத்து முடித்ததும் வெட்டி வைத்ததுமாக எல்லாத் துணியும் சேற்றில் கிடந்தது. மெரூன் பட்டுப் பாவாடையின் சாயம் இறங்கி, ஒரு குழந்தையின் வெள்ளைக் கவுன் முழுக்கத் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. தையல் மெஷினின் மோட்டார் போயிருந்தது. எல்லாவற்றையும்விட என் அளவு நோட்டு. எத்தனையோ வருஷமாக எழுதிச் சேர்த்த அளவுகள், தாளோடு தாள் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்துப் பிள்ளைகள் மூன்று பேர் அந்த நோட்டை என்னிடமிருந்து வாங்கிப் போனார்கள். கத்தி முனையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கரண்டு வந்ததும் அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் காயவைத்து, மங்கிப்போன எண்களின் மேல் பேனாவால் திரும்ப எழுதி, நூல் கோத்துக் கொண்டுவந்து தந்தார்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது. அந்த வெள்ளைக் கவுனின் அம்மா வந்தபோது எனக்கு வாய் திறக்கவில்லை. அவர்களோ, "துணி கெடக்கட்டும்க்கா, நீங்க நல்லா இருக்கியளா?" என்று கேட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முன்பணத்தை ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன்மார் வாசலில் பாய் விரித்து, மெஷினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துரு எடுத்து ஓட்டிக் காட்டினார்கள். கூலி வாங்கவில்லை. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் மோட்டார் வாங்கித் தந்தார்கள்.

கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசையில் யாரும் புதுத்துணி உடுத்தவில்லை. நிவாரணத்தில் கிடைத்த சட்டை, காய்ந்தும் காயாத சேலை, அவ்வளவுதான். திருவருகைக்கால ஞாயிறுகளில் பாடாமல் இருந்த "உன்னதங்களிலே" பாடலைச் சாமியார் தொடங்கினார். கோயிலே அதிரப் பாடினோம். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, ஆனால் அது துக்கக் கண்ணீர் இல்லை. கடனும் இருந்தது, கடையும் நாறிக்கொண்டுதான் இருந்தது. அப்படி இருந்தும் அந்த ராத்திரி என் மனசில் இருந்த சந்தோஷம், எல்லாம் நன்றாக இருந்த வருஷங்களில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

தெசலோனிக்கர் நிம்மதியாக இருந்த காலத்தில் பவுல் அதை எழுதவில்லை. துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் எழுதினார். அவரும் கூடாரம் செய்து பிழைத்தவர், கைத்தொழில்காரர். இரவும் பகலும் உழைத்ததை அதே கடிதத்தில் சொல்கிறார். அப்படிப்பட்டவர் சொன்னால் நான் நம்புவேன். அந்த வசனத்தை ஆண்டவர் எனக்கு உங்கள் கைகளால் காட்டினார்.

கடை திறந்துவிட்டது. ஈஸ்டருக்குத் துணிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. வள்ளம் கொண்டுவந்த தம்பிமார் யாராவது இதைப் படித்தால், கடைப் பக்கம் ஒரு தடவை வாருங்கள். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ உடுப்பு தைத்துத் தர வேண்டும், அளவு எடுக்க வேண்டும். மாமியார் தினமும் ஜெபமாலை முடிக்கும்போது உங்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறார்கள்.

நன்றியுடன்,
உங்கள் தையல்கார அக்கா
தூத்துக்குடி